பிணிக்கு எளிய மருந்து தேடிய பெருமன்னர் சரபோஜி

இறைவனை மருத்துவனாகக் கண்டு வழிபடுவது நம் நாட்டின் தொன்மரபு. புள்ளிருக்குவேளூரில் எம்பெருமான் வைத்தியநாதர் என்னும் திருநாமம் தாங்கி எழுந்தருளியிருக்கின்றார். அவர் வைத்தியராக வந்தபோது அன்னை தையல்நாயகி தைலமும் சஞ்சீவியும் ஏந்தி உடன் வந்தாள் என்பது அத்தலத்தின் வரலாறு. திருவதிகையில் சூலைநோயால் துடித்த மருணீக்கியாரைத் தடுத்தாட்கொண்டு, நாவுக்கரசராக நமக்கு நல்கியதும் அப்பெருமானின் திருவருளே. திருமாலடியார் போற்றும் தன்வந்திரி மூர்த்தியோ அமுதகலசம் ஏந்தி நிற்பவர். நோயும் மருந்தும் இறைவனோடு பிணைத்தே எண்ணப்பட்ட நாடு இது.

இவ்வெண்ணம் வழிபாட்டளவில் நின்றுவிடவில்லை. கோயிலை நடுவாகக் கொண்டு பிணியாளர்க்கு மருந்தளிக்கும் அறமும் இங்குத் தழைத்திருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் அமைந்த பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, அங்கே 15 படுக்கைகளோடு இயங்கிய ஆதுலர்சாலையைப் பற்றி விரிவாகச் சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து கொணர்ந்து இடுவார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் என்று அவரவர்க்குரிய ஊதியத்தையும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அது வரிசைப்படுத்துகிறது. தஞ்சையிலும் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்குக் குந்தவைப் பிராட்டியார் நிவந்தம் அளித்தார். ஆதுலர் என்பார் நோயுற்றோர். அவர்க்கு உதவுதல் திருவிளக்கு இடுதலுக்கும் திருவமுது படைத்தலுக்கும் ஒப்பான தருமமாகக் கருதப்பட்டது.

அச்சோழ மரபு மறைந்து பல நூற்றாண்டுகள் சென்றபின், அதே தஞ்சை மண்ணில் அந்த அறத்தைப் புத்துயிர் பெறச் செய்தவர் ஒருவர் உண்டு. எளியோர்க்கு எட்டாத விலையில் மருந்து இருந்தால் அது இருந்தும் இல்லாததே என்பதை உணர்ந்து, ஊன்றிப் பயன்படுத்தத்தக்க தீங்கில்லாத மருந்துகளை நாடிய அம்மன்னரே போன்சலே குலத்து இரண்டாம் சரபோஜி மகாராஜா ஆவார். பேரரசர்களின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே அமையும். சரபோஜியின் வரலாறோ ஏட்டுச் சுவடியும் மூலிகையும் நோயாளர் குறிப்பும் கூடிய வரலாறு. ஆதலின் திருக்கோயிற் பணியில் ஈடுபட்ட அன்பர்கள் அதனை அறிந்துகொள்ளுதல் தகும்.

இளமையும் இடர்களும்

சரபோஜி 1777-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் போன்சலே குலத்தின் கிளைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நாளில் தஞ்சையை ஆண்டவர் துளஜா மன்னர். 1781-இல் ஹைதர் அலியின் படைகள் சோழநாட்டில் புகுந்தபோது வயல்கள் பாழாயின, கால்நடைகள் கவரப்பட்டன, பஞ்சமும் பிணியும் மக்களை வாட்டின. அந்நாட்டின் வருங்கால மன்னர் அப்பொழுது நான்கு வயதுக் குழந்தை.

துளஜா மன்னருக்கு அரசுரிமைக்கு மகன் இல்லாது போகவே, 1787-இல் தம் இறுதி நாட்களில் அச்சிறுவரைத் தத்து எடுத்துக்கொண்டார். பத்து வயது நிறையாத பிள்ளையைக் காக்கும் பொறுப்பைத் தம் நண்பரான சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஒப்படைக்க விழைந்தார். ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்து தமிழ் முதலிய மொழிகளைக் கற்று மக்களிடையே வாழ்ந்த அப்பெரியவர், அரண்மனையிலும் குடிசையிலும் ஒருங்கே நம்பிக்கை பெற்றவர்.

துளஜா மறைந்ததும் அவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரரான அமர்சிங் ஆட்சியைக் கைக்கொண்டார். தத்தெடுத்தது செல்லாது என்று ஒரு தீர்ப்பும் வாங்கப்பட்டது. அதன்பின் இளஞ்சரபோஜியின் வாழ்வு துன்பமயமாயிற்று. கல்வி மறுக்கப்பட்டது, வெளியே உலவும் உரிமை பறிக்கப்பட்டது, வெளிச்சமும் காற்றும் அரிதான அறையில் அடைபட்டுக் கிடக்கும் நிலை ஏற்பட்டது. அரச குலத்துப் பிள்ளை ஒன்று கைதியைப்போல் நலிவதைக் கண்ட சுவார்ட்ஸ், கும்பினியாரிடம் பலமுறை முறையிட்டார். அதன் பயனாக 1793-இல் சரபோஜியும் துளஜா மன்னரின் தேவியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர்.

சென்னையில் கெரிக்கே பாதிரியாரின் மேற்பார்வையில் அவருடைய கல்வி தொடர்ந்தது. மராத்தி, வடமொழி ஆகியவற்றோடு ஆங்கிலமும் அவருக்குக் கைவந்தது. ஐரோப்பிய விஞ்ஞான நூல்களில் ஆர்வம் பிறந்தது. எனினும் தம் குலதருமத்தினின்றும் அவர் இம்மியும் வழுவவில்லை. பாதிரியாரால் வளர்க்கப்பட்டவர் சிவாலயத் திருப்பணி செய்யும் மன்னராகவே இறுதிவரை வாழ்ந்தார். அதேபோல, தம்மைக் காத்த பெரியவரை மதம் வேறு என்ற காரணத்தால் மறந்தாரும் அல்லர். சுவார்ட்ஸ் மறைந்தபின் அவர் கல்லறைக்குத் தாமே ஆங்கிலத்தில் கவி புனைந்ததும், இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் வடிப்பித்துத் தஞ்சை மாதாகோயிலில் நிறுவியதும் அந்நன்றியின் அடையாளங்கள்.

முடி சூடினார், நாட்டை இழந்தார்

தத்துரிமை மீண்டும் ஆராயப்பெற்றது. சாத்திரம் வல்ல பண்டிதர்கள் அது செல்லுபடியாகும் என்று உரைத்தனர். அமர்சிங் விலக்கப்பட்டுத் திருவிடைமருதூருக்குச் சென்று தங்கினார். 1798-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சரபோஜி தஞ்சையின் அரியணை ஏறினார். ஆட்சியை எய்துவித்த முயற்சியின் முதல்வரான சுவார்ட்ஸ், அதைக் காண நான்கு திங்கள் இருந்திலர். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார்.

முடி சூடி ஓராண்டும் நான்கு மாதமும் ஆவதற்குள் பெருமாற்றம் நிகழ்ந்தது. 1799 அக்டோபரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியார் வசமாயிற்று. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் அதனை ஒட்டிய சிறு பகுதியும், ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகனும், நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு கூறுமே. படை இல்லை, வரி விதிக்கும் உரிமை இல்லை. இருபத்திரண்டு வயதில் பெயரளவு மன்னராக நின்ற அவர் களியாட்டத்தில் காலத்தைக் கழித்திருக்கலாம். அந்நாளில் அவ்வாறு அழிந்த அரச குடும்பங்கள் பல. சரபோஜி வேறு வழியைத் தேர்ந்தார். மண்ணை ஆளும் உரிமை போயிற்று. மக்கள் துயர் துடைக்கும் உரிமையை எவர் பறிக்க இயலும்? அவருடைய முப்பத்துநான்கு ஆண்டுக்கால வாழ்வு இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது.

சத்திரங்களில் மருந்து

தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழியில் சத்திரங்கள் பல கட்டியிருந்தனர். காசியினின்றும் சேதுவுக்கு நடந்து வரும் யாத்திரிகர்கள் அவற்றில் தங்கி உண்டனர். நாடு கும்பினியார் கைக்குச் சென்றபோது அச்சத்திரங்களின் மானியங்களும் அவர்கள் கைக்குச் செல்லும் அச்சம் எழுந்தது. 1801-இல் சரபோஜி, தஞ்சையின் ரெசிடெண்டாக இருந்த டோரின் துரைக்கு ஒரு நெடுங்கடிதம் வரைந்து, தம் முன்னோரின் அறநிலையங்கள் தம் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என வாதாடினார்.

அக்கடிதம் சத்திரங்களைச் சோறிடும் இடங்களாக மட்டும் காட்டவில்லை. அங்குப் பள்ளிக்கூடம் இருந்தது, மருத்துவர் இருந்தனர். நோய், வீக்கம், பாம்பு முதலியவற்றின் நஞ்சு ஆகியவற்றுக்கு மருந்து செய்ய வல்லார் அமர்த்தப்பட்டிருந்தனர். வழிநடையில் நோயுற்றோர்க்கு மருந்தும் பத்திய உணவும் அளித்து, அவர் தேறும்வரை அன்போடு பேணினர். கருவுற்ற மாதர் அங்கே பிள்ளை பெறின், அதற்குரிய மருந்தும் செலவும் சத்திரத்தாரே ஏற்று, மூன்று மாதம் வரை தங்கியிருக்க இடம் தந்தனர். சாதி, நாடு என்னும் வேறுபாடின்றி வந்தோர் அனைவரும் ஏதேனும் ஒரு வகையில் உதவி பெற்றனர். தம் பதவிச் செலவைக் குறைப்பதாயினும் இவ்வறம் குறையலாகாது என்பதே அக்கடிதத்தின் உட்கிடை. சத்திரங்கள் அவர் பொறுப்பிலேயே நிலைத்தன.

அவரே எழுப்பியது ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம். தம் அன்புக்குரிய முத்தாம்பாள் அம்மையார் இறுதிக் காலத்தில் விரும்பிய வண்ணம் அவர் பெயராலேயே அதனை அமைத்தார். அணிகலனோ மாளிகையோ வேண்டாது, வழிப்போக்கர்க்கு அன்னசாலை வேண்டிய அம்மையாரின் உள்ளமும், அதனை நிறைவேற்றிய மன்னரின் உள்ளமும் ஒருங்கே போற்றத்தக்கன.

தன்வந்திரி மகால்

சத்திரங்களில் அளிக்கும் மருந்து நல்லதுதானா, நோய் தீர்க்க வல்லதுதானா என்னும் கேள்வி அடுத்து எழுவது இயல்பு. அக்காலத்து நிலைமையை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய மருந்துகள் பாய்க்கப்பல்களில் ஆப்பிரிக்க முனையைச் சுற்றிப் பல திங்கள் பயணம் செய்து இந்நாட்டை அடைந்தன. அவற்றின் விலை எளியோர்க்கு எட்டாதது; வந்து சேரும்போது பழுதுற்றிருப்பதும் உண்டு. அன்றியும் அந்நாளைய மேனாட்டு வைத்தியத்தில் இரத்தத்தைக் குத்தி வடித்தலும், பாதரச உப்பை மிகுதியாக ஊட்டுதலும் வழக்கமாக இருந்தன. நம் நாட்டு வைத்தியமோ பரம்பரையாக வந்த அரிய முறைகளை உடையது. ஆயினும் அவற்றுட் பல, தந்தை மகனுக்கு மட்டும் உரைக்கும் இரகசியமாக மறைந்து கிடந்தன. அறிந்தவர் மறைந்தால் மருந்தும் மறைந்தது. அறியாதவர் அறிந்தவர்போல் நடித்தால் உயிர் மறைந்தது.

இக்குறைகளைக் களையவே சரபோஜி தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர், யுனானி முறை வல்ல ஹக்கீம்கள், மேனாட்டு முறை கற்ற டாக்டர்கள் ஆகிய நால்வகையாரும் அங்கே ஒரு கூரையின்கீழ் அமர்ந்தனர். ஒருவர் முறையை மற்றவர் இகழ்வதே வழக்கமாக இருந்த காலத்தில், இவர்களை ஓரிடத்தே கூட்டி ஒரே நோயைப் பற்றி ஆராயச் செய்ததே அம்மன்னரின் பெருஞ்சாதனை.

மூலிகைகளும் பிற சரக்குகளும் அங்கு ஆராயப்பெற்றன, மருந்துகள் செய்யப்பெற்றன, பிணியாளர்க்கு அவை அளிக்கப்பெற்றன. மருந்து உண்டவர் எவ்வாறு இருந்தனர் என்பதும் குறித்து வைக்கப்பெற்றது. இன்று மருத்துவமனைகளில் நோயாளர் விவர ஏடு என்று ஒன்று இருப்பதுபோல, இருநூறு ஆண்டுகட்கு முன்னரே தஞ்சையில் அத்தகைய ஏடுகள் எழுதப்பட்டன. பயன் தந்தவை என்று கண்ட முறைகள் தொகுக்கப்பட்டன. முக்கியமான மூலிகைகளை ஓவியர்களைக் கொண்டு வண்ணத்தில் தீட்டுவித்தும் வைத்தார். பெயரை மட்டும் எழுதிவைத்தால் ஊருக்கு ஊர் வேறு செடியைக் காட்டுவார்கள். ஓர் ஊரில் ஒரு பெயர். மற்றோர் ஊரில் மற்றொரு பெயர். இலையும் பூவும் காயும் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்து வைத்தால் அம்மயக்கத்திற்கு இடமில்லை. தவறான செடியே பல நேரங்களில் மருந்தை நஞ்சாக்குகிறது என்பதை அறிந்தார்க்கு இவ்வோவியங்களின் அருமை விளங்கும்.

மக்களுக்கு மட்டுமன்றி, யானை, குதிரை முதலிய விலங்குகட்கும் அங்கே மருந்து ஆராயப்பட்டது. வாயில்லாத உயிர்களின் நோவையும் தீர்த்தல் வேண்டும் என்னும் சீவகாருணியம் அதில் விளங்குகிறது.

கண்ணொளி தந்த பணி

மருத்துவத் துறைகளுள் கண் மருத்துவத்தில் சரபோஜிக்குத் தனி ஈடுபாடு இருந்தது. கண்புரை முதலிய நோய்களால் வருந்தியோர்க்கு அரண்மனையில் செய்யப்பட்ட சிகிச்சையைப் பற்றிய குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுச் சரஸ்வதி மகாலில் பாதுகாக்கப்பட்டுள்ளன. நோயாளர் யார், நோய் எவ்வாறு தொடங்கிற்று, என்ன செய்யப்பட்டது, பின்னர்ப் பார்வை எந்நிலையில் இருந்தது என்பன அவற்றில் முறையாக உள்ளன. கண்களின் படங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. நம் காலத்துக் கண் மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து வியந்துள்ளனர். மன்னரே கத்தி பிடித்து அறுவை செய்தார் என்று கூறுவாரும், அரண்மனை மருத்துவர் செய்ய மன்னர் உடனிருந்து நடத்துவித்தார் என்று கருதுவாரும் உளர். எவ்வாறாயினும், ஓர் அரசர் ஏழையொருவரின் கண்ணை அருகிருந்து நோக்கி அதன் நிலையை எழுத்தில் பதிவு செய்வித்தார் என்பதே நம் நெஞ்சை உருக்கும் செய்தி. பார்வை இழந்த உழவனுக்கு உலகமே இருள். அவனுக்கு ஒளி தருவது கோயிலில் நந்தா விளக்கு ஏற்றுவதற்குச் சிறிதும் குறைந்ததன்று.

செய்யுளில் புகுந்த மருந்து

மருந்தைக் கண்டறிந்தால் போதாது. அது நாட்டு மக்களிடம் பரவ வேண்டும். அந்நாளில் ஏட்டுச் சுவடியை வைத்திருப்போர் சிலர்; படிப்போர் அதனினும் சிலர். ஆயினும் ஒரு பாட்டை ஒருவர் பாடக் கேட்டு மற்றவர் மனப்பாடம் செய்வது எளிது. ஆகவே தன்வந்திரி மகாலில் கண்ட முறைகளைத் தமிழ்ப் புலவர்கள் செய்யுளாக யாத்தனர். இன்ன நோய்க்கு இன்ன சரக்கு, இன்ன அளவு, இன்ன அனுபானம், இன்ன பத்தியம் என்பன எல்லாம் பாட்டில் அமைந்தன. சரபேந்திரர் என்பது மன்னரின் சிறப்புப் பெயர். ஆதலின் அத்தொகுதிகட்குச் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயர் வழங்கலாயிற்று. நீரிழிவு, குன்மம், கண்நோய் என நோய்தோறும் தனித்தனி நூலாகச் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தார் இருபதாம் நூற்றாண்டில் அவற்றைப் பதிப்பித்தனர்.

அச்செய்யுட்களில் பயிலும் சரக்குகள் பல நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் கொல்லைப்புறத்திலும் கிடைப்பவை. சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், கடுக்காய், நெல்லி, தேன், நெய் என்பவற்றுக்குக் கப்பல் ஏறிச் செல்ல வேண்டியதில்லை. எளியோர்க்கும் கிட்டும் மருந்தே மருந்து என்னும் நோக்கம் இங்கே செயலாக மலர்ந்தது.

ஆயினும் எல்லாம் எளியவை என்று கருதிவிடலாகாது. இரசம், கந்தகம், பாடாணம் முதலிய கடுஞ்சரக்குகளும் நம் வைத்திய நூல்களில் உண்டு. சுத்தி செய்யும் முறையும், அளவும், அனுபானமும் அறியாதார் கையில் அவை உயிர்க்கே உலை வைக்கும். அதனாலேயே முன்னோர் மருந்தோடு பத்தியத்தையும், நூலோடு ஆசிரியனையும் சேர்த்தே வைத்தனர். சரபோஜியும் நூலை மட்டும் தொகுக்காமல், வைத்தியர்களைக் கூட்டி, நோயாளரின் நிலையைப் பார்த்து, அதன்பின்னரே முறையை எழுதுவித்தார். எளிமை ஒரு கண் என்றால் பாதுகாப்பு மறு கண். ஒன்றைக் குத்திக்கொண்டு மற்றொன்றால் பார்ப்பது அறிவுடைமை ஆகாது.

கலைமகள் கோயில்

சரஸ்வதி மகாலுக்கு நாயக்கர் காலத்திலேயே கால்கோள் இடப்பட்டது எனினும், அதனை உலகம் போற்றும் நூல்நிலையமாக வளர்த்தவர் சரபோஜியே. 1820-இல் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை புறப்பட்ட அவர், கங்கையில் நீராடி, கயை, பிரயாகை முதலிய தலங்களைத் தரிசித்து 1822-இல் மீண்டார். யாத்திரை சென்றோர் கங்கைநீர்ச் செம்பு கொணர்வர். இவரோ அதனோடு வடமொழிச் சுவடிகளையும் திரட்டிக் கொணர்ந்தார். அவற்றுள் மருத்துவ நூல்களும் அடங்கும். ஐரோப்பிய மொழி நூல்களையும் ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். தேவநாகரி எழுத்தில் அச்சிடும் அச்சுக்கூடம் ஒன்றை அமைத்து, கல்விச்சாலைகள் நிறுவி, இசைக்கும் நாட்டியத்திற்கும் புகலிடம் அளித்தார். தஞ்சை நால்வர் அவர் அவையில் விளங்கியதும், கோட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவர்மீது குறவஞ்சி பாடியதும் அனைவரும் அறிந்தனவே.

1826-இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் மேற்றிராணியார், மன்னர் லவாய்சியர் முதலிய இரசாயன அறிஞர்களையும் லின்னேயஸ் என்னும் தாவர அறிஞரையும் பற்றித் தெளிவாக உரையாடக் கேட்டு வியப்புற்றுக் குறித்துள்ளார். உலகின் எம்மூலையில் அறிவு பிறந்தாலும் அதனை வரவேற்பது. தம் மண்ணின் அறிவை அதன்பொருட்டுக் கைவிடாதிருப்பது. இவ்விரண்டையும் ஒருவரே செய்தல் அரிது.

இறைபணியிலும் அவர் பின்தங்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பணிகள் செய்வித்தார். அத்திருக்கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் 1803-இல் போன்சலே வமிசத்தின் வரலாற்றை மராத்தியில் நெடிய கல்வெட்டாகப் பொறிப்பித்தார். இன்றும் தஞ்சை அரண்மனைத் தேவஸ்தானத்தைச் சேர்ந்த 88 திருக்கோயில்கள் அம்மரபின் தொடர்பை நினைவூட்டி நிற்கின்றன.

மறைவும் மறையாப் புகழும்

1832-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் சரபோஜி மன்னர் இறைவன் திருவடி சேர்ந்தார். அவர்க்குப்பின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண்டார். 1855-இல் அவர் ஆண்மகவின்றி மறையவே, தஞ்சை அரசு கும்பினியாரால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அரசு போயிற்று, அதனோடு தன்வந்திரி மகாலின் ஆரவாரமும் அடங்கிற்று. ஆயினும் சுவடிகள் எஞ்சின. 1918-இல் சரஸ்வதி மகால் பொதுமக்களுக்கு உரிய நூல்நிலையமாயிற்று. வைத்திய முறைகள் அச்சேறின. மன்னர் மறைந்து இருநூறு ஆண்டுகள் நெருங்கும் இந்நாளிலும் சித்த மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் அவற்றை எடுத்து நோக்குகின்றனர். கோட்டையும் அகழியும் காக்கமுடியாத அரசுரிமையைப் பனையோலைகள் காத்தன எனலாம்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றினின்று நாம் கற்கவேண்டியது யாது? மருந்தின் விலை எளியோரை இன்றும் வருத்துகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டியிருக்கிறது. மாதந்தோறும் அதற்காகும் செலவைத் தாங்கமாட்டாது மருந்தை இடையில் நிறுத்தி, அதனாலேயே கேடுறுவோர் பலர். வேறு சிலர் பச்சிலை எதுவாயினும் தீங்கில்லை என்று எண்ணி, யாரோ சொன்னதைக் கேட்டு அரைத்துக் குடித்து அல்லற்படுகின்றனர். இவ்விரு பிழைகட்கும் சரபோஜியின் வாழ்வு விடை கூறுகிறது.

நித்தியகல்யாணிச் செடியை எடுத்துக்கொள்வோம். நந்தவனங்களில் நாம் நாள்தோறும் காணும் அதனினின்றே, 1950-களின் இறுதி தொடங்கிப் புற்றுநோய்க்கான உயரிய மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. ஆயின் அச்செடியையே பறித்து அரைத்து உண்டால் அது நஞ்சாகும். சர்ப்பகந்தா வேரினின்று 1952-இல் பிரிக்கப்பட்ட பொருள் இரத்த அழுத்தத்திற்கு மருந்தாயிற்று. அளவு மிகின் அதுவே மனச்சோர்வையும் பிற இன்னல்களையும் தரும். மூலிகையில் மருந்து உண்டு என்பது உண்மை. அதனை ஆராய்ந்து, அளவறிந்து, கற்றவர் மேற்பார்வையில் உண்ணும்போதே அது மருந்து என்பதும் அதனினும் உண்மை. ஆகவே மருத்துவர் குறித்த மருந்தைத் தாமே நிறுத்துவதும், அவர் அறியாமல் வேறு மருந்தை அதனோடு கலந்து உண்பதும் கூடாதன. விலை தாங்காவிடில் அதனை மருத்துவரிடமே மனம் திறந்து சொல்லுதல் வேண்டும். அதே மருந்து குறைந்த விலையில் பொதுப்பெயரில் கிடைக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கலாம். அங்குள்ள சித்த மருத்துவப் பிரிவில் பட்டம் பெற்ற வைத்தியரின் அறிவுரையையும் நாடலாம். நால்வகை வைத்தியரை ஓரிடத்தில் கூட்டிய மன்னர் காட்டிய நெறி இதுவே.

தானங்களுள் அன்னதானத்தை முதலாவதாக வைத்தனர் நம் பெரியோர். ஔஷத தானத்தையும் அதனை ஒட்டியே போற்றினர். பசித்தவனுக்குச் சோறு ஒருவேளைப் பசியைத் தீர்க்கும். நோயுற்றவனுக்கு மருந்து அவனையும் அவனை நம்பிய குடும்பத்தையும் காக்கும். கோபுரத்திற்குக் கலசமும் திருமதிலுக்குக் கல்லும் தந்து புண்ணியம் ஈட்டிய அன்பர்கள், திருக்கோயிலை ஒட்டி எளியோர்க்கு மருந்து வழங்கும் சாலை ஒன்றையும் மனத்திற்கொள்வார்களாக. திருமுக்கூடல் கல்வெட்டு தோன்றிய நாட்டில் அது புதுமை அன்று. பழைய அறத்தின் தொடர்ச்சியே ஆகும். நந்தவனத்தில் பூச்செடிகளோடு துளசியும் நெல்லியும் வில்வமும் தழைக்கட்டும். கற்ற மருத்துவர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வந்து அமர்ந்து ஏழையர் கை நாடி பார்க்கட்டும்.

குடமுழுக்கு நன்னாளில் கலசநீர் கோபுரத்தின் உச்சியில் பொழிந்து, கீழே நிற்கும் அனைவர் தலைமீதும் ஒருபடித்தாகத் தெறிக்கிறது. செல்வர் என்றும் வறியர் என்றும் அது பார்ப்பதில்லை. மருந்தும் அவ்வாறே அனைவர்க்கும் எட்டுதல் வேண்டும் என்று எண்ணிய மன்னர் ஒருவர் இம்மண்ணில் வாழ்ந்தார். வைத்தியநாதப் பெருமான் திருவருளாலும் தன்வந்திரி மூர்த்தியின் கருணையாலும் அவர் எண்ணம் நம் வாயிலாகத் தொடர்க. பிணி நீங்கி உயிர்கள் எல்லாம் இன்புற்று வாழ்க.